அம்மாவின் கடைவாய்ப் பல்லுக்கு மிஷினில் செய்த கிரவுன் போடலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கீழ் வலது கடைவாய்ப் பல்லில் வலி வந்து, டவுன் கிளினிக்கில் மூன்று முறை போய் வேர் சிகிச்சை செய்தோம். இப்போது வலி இல்லை. அந்தப் பல்லுக்குக் கிரவுன், அதாவது பல்லை முழுதாக மூடும் தொப்பி, போட வேண்டும் என்கிறார் டாக்டர். அச்சு எடுத்து ஈப்போ லேப்புக்கு அனுப்பினால் இரண்டு வாரம் ஆகுமாம். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது, 900 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போவில் இன்னொரு கிளினிக்கில் வாய்க்குள் கேமரா விட்டுப் படம் எடுத்து, மிஷினில் வெட்டி, அன்றைக்கே மாட்டி அனுப்பிவிடுவார்களாம். முழுப் பீங்கான், 1,700 வெள்ளி. அம்மாவோ, "மிஷினுக்கு என் வாய் தெரியுமா? கையால செஞ்சதுதான் நிக்கும். பீங்கான்னா கோப்பை மாதிரி உடைஞ்சிடும். வலிதான் போச்சே, அப்படியே விடு" என்கிறார். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. தூக்கத்தில் பல்லையும் நறநறவென்று கடிப்பார். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

தம்பி, அம்மா கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. அந்தப் பல்லை அப்படியே விடாதீர்கள். உள்ளே இருந்த நரம்பை எடுத்ததால்தான் வலி போனது. சொத்தையைச் சுரண்டி, நரம்புக்கு வழி தேடி நடுவில் குடைந்து, இப்போது அந்தப் பல் கூரையில்லாத வீடு மாதிரி மெல்லிய சுவர்களோடு நிற்கிறது. மேலே அடைத்திருப்பது ஓட்டையை மூடும், ஆனால் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்காது. பாக்கைக் கடிக்கும்போதெல்லாம் அந்தச் சுவர்கள் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளையும். ஒருநாள் பிளக்கும். பிளவு ஈறுக்கு மேலேயே நின்றால் தப்பித்தோம். வேர் வரைக்கும் இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அப்படிப் பிடுங்கிய இடத்துக்குப் பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல், செய்யச் சொல்லி எங்கள் லேப்புக்கு வந்த வேலைகள் ஏராளம். அதற்காகப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல பற்களையும் செதுக்க வேண்டிவரும். ஆகவே மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல், சில வாரங்களுக்குள் கிரவுனைப் போட்டுவிடுங்கள்.

நான் பல் மருத்துவர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் பல் லேப்பில் 26 வருடமாக வேலை செய்கிறேன். பல்லைச் செதுக்குவதும் கிரவுனை ஒட்டுவதும் டாக்டரின் வேலை. அந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பது என் வேலை. கையால் செய்த காலத்தையும் பார்த்தேன், இப்போது திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் சந்தேகம் நியாயமானது. நான் வேலை கற்றுக்கொண்டபோது, டாக்டர் அனுப்பிய அச்சில் சுண்ணக்கலவை ஊற்றி மாதிரிப் பல் எடுப்போம். அதன் மேல் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பல்லின் வடிவம் கொண்டுவருவோம். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்ப்போம். அதற்கு மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் பூசிச் சூளையில் சுட வேண்டும். ஒரு பல்லுக்கு நாலைந்து முறை சூளை திறக்கும். கை நடுங்கினாலும் தப்பு, சூடு கொஞ்சம் கூடினாலும் தப்பு.

இன்றைக்கு அம்மா "கை வேலை" என்று நினைக்கும் அந்த 900 வெள்ளி கிரவுனும் பெரும்பாலும் கணினி வழியாகத்தான் வரும். டவுன் டாக்டர் எடுத்த அச்சிலிருந்து மாதிரி செய்து, அதைப் பெட்டி போன்ற ஒரு ஸ்கேனருக்குள் வைத்துத்தான் பல லேப்புகளில் டிசைன் செய்கிறோம். உள்ளே இருக்கும் உலோகத் தொப்பியை மிஷின் கடைந்தெடுக்கும், அல்லது லேசர் உலோகத் தூளை உருக்கி அடுக்கடுக்காகக் கட்டும். மேலே பூசும் பீங்கான் மட்டும்தான் இன்னும் கைவேலை.

அதே மாதிரி, ஈப்போவில் அன்றைக்கே செய்யும் கிரவுனிலும் ஆள் கை உண்டு. செதுக்கிய பல்லின் படம் திரையில் வந்ததும், கணினி தன்னிடம் உள்ள பல் வடிவங்களில் ஒன்றை எடுத்து அதன் மேல் உட்கார வைக்கும். கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டை மாதிரி அது. தோள் எங்கே, கை நீளம் எவ்வளவு என்று பார்த்து இழுத்துச் சரிசெய்வது மனிதர்தான். மேட்டைத் தாழ்த்துவது, பக்கத்துப் பல்லோடு தொடும் இடத்தை இறுக்குவது, எதிர்ப்பல் வந்து இடிக்கும் இடத்தைக் குறைப்பது எல்லாம் மவுஸைப் பிடித்த கை செய்வது. மெழுகில் பல் வடிவம் பிடித்துப் பழகியவர்கள் திரையிலும் நன்றாகச் செய்கிறார்கள். அது தெரியாதவர்கள் கணினி கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

இது நேற்று வந்த நுட்பமும் இல்லை. வாய்க்குள் கேமரா விட்டு அச்செடுக்கலாம் என்ற எண்ணத்தை பிரான்சின் பிரான்சுவா டுரே 1970-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். சுவிட்சர்லாந்தின் சூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்க்கோ பிராண்டெஸ்டினி என்ற பொறியாளரும் சேர்ந்து, 1985-ல் ஒரு நோயாளிக்குப் பீங்கான் கட்டியை மிஷினில் கடைந்து அதே அமர்வில் பல்லில் பொருத்தினார்கள். அது கிரவுன் இல்லை, பல்லின் பள்ளத்தில் பதிக்கும் சிறு துண்டு. நாற்பது வருடத்தில் அது முழுக் கிரவுன் வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, பீங்கான் கோப்பை மாதிரி உடையுமா? எந்தப் பீங்கான் என்று கேட்க வேண்டும். "முழுப் பீங்கான்" என்று கிளினிக்கில் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று லித்தியம் டைசிலிக்கேட். கண்ணாடிப் பீங்கான் வகை. மிஷினில் வெட்டும்போது ஊதா கலந்த நீல நிறத்தில் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள், இதையா வாயில் வைப்பார்கள் என்று பதறிப்போவார்கள். ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸில் சுட்டதும் உள்ளே படிகங்கள் வளர்ந்து, நீலம் மறைந்து, பல் நிறம் வந்துவிடும், வலுவும் கூடும். கடைவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம், சுடுவதற்கு அரை மணி நேரம். அதனால் அன்றைக்கே மாட்டும் கிளினிக்குகளில் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஒளி ஊடுருவும் விதத்தில் இயற்கைப் பல்லுக்கு மிக அருகில் வருவதும் இதுதான்.

இன்னொன்று சிர்க்கோனியா. சாதாரணமாகக் கடைவாய்க்குப் போடும் வகையை எடுத்துக்கொண்டால், லித்தியம் டைசிலிக்கேட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வலுவானது. வலுவைவிட அதன் குணம்தான் எனக்கு இன்றும் வியப்பு. கோப்பையில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் அது ஓடிக்கொண்டே போய்க் கோப்பையைப் பிளந்துவிடும். சிர்க்கோனியாவில் விரிசல் நகரத் தொடங்கினால், அதன் நுனியில் இருக்கும் துகள்கள் உருமாறிக் கொஞ்சம் பருக்கின்றன. பருத்து, விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துவிடுகின்றன. 1975-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தக் குணத்தை விளக்கி, எஃகோடு ஒப்பிட்டு எழுதினார்கள். இதன் மூலப்பொருள் சிர்க்கான் என்ற மணல். நம் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பம் (ஈயச் சுரங்கம்) ஓடிய காலத்தில், ஈயத்தைக் கழுவிப் பிரித்தபின் மிஞ்சிய கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அந்த அமாங்கிலும் சிர்க்கான் கலந்திருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அந்த மணல் மேடுகளை அவர் பார்த்திருப்பார்.

சிர்க்கோனியாவை முழுதாகச் சுட்டபின் கடைவது மிகக் கடினம். அதனால் அரைவேக்காட்டில், சுண்ணாம்புக் கட்டி மாதிரி மென்மையாக இருக்கும்போதே கடைகிறோம். பச்சை மண்ணில் வனைந்த சட்டி காய்ந்து சூளைக்குப் போனால் சுருங்கும் அல்லவா, இதுவும் அப்படித்தான். ஆகவே நிஜப் பல்லைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைவோம். எவ்வளவு சுருங்கும் என்பது நாங்கள் கடையும் ஒவ்வொரு சிர்க்கோனியா வட்டிலும் 1.24 என்பதுபோல ஓர் எண்ணாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைத் தவறாகப் பதிந்தால் கிரவுன் இறுகும், அல்லது தொளதொளக்கும். பிறகு 1,500 டிகிரிக்குப் பக்கத்தில் சுட வேண்டும். வழக்கமான முறையில் ராத்திரி வைத்துக் காலையில் எடுப்போம். வேகச் சூளை வைத்திருக்கும் இடங்களில் அன்றைக்கே முடித்துவிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சிர்க்கோனியா என்ற ஒரே பெயரில் பல வகைகள் விற்கின்றன. யிட்ரியா என்ற பொருளை அதிகம் சேர்த்தால் பளபளப்பும் ஒளி ஊடுருவலும் கூடும், ஆனால் வலு குறையும், நான் சொன்ன அந்த விரிசல் பிடிக்கும் குணமும் மங்கிவிடும். அது முன்பல்லுக்கு அழகாக இருக்கும். இரவில் பல் கடிக்கும் ஒருவரின் கடைவாய்க்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பொருளைப் பற்றி. ஆனால் கிரவுன் பத்து வருடம் நிற்குமா, இரண்டே வருடத்தில் கழலுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் விளிம்புதான். செதுக்கிய பல் முடிந்து செதுக்காத பல் தொடங்கும் கோடு அது. அந்தக் கோட்டில் கிரவுன் போய்ச் சரியாக உட்கார வேண்டும். 120 மைக்ரானுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பது 1971 முதல் எங்கள் துறையில் சொல்லிவரும் அளவு. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அதற்கு மேல் திறந்திருந்தால் ஒட்டிய சிமெண்ட் கரையும், கிருமி புகும். கிரவுனுக்குச் சொத்தை வராது, ஆனால் அதன் அடியில் இருக்கும் பல்லுக்கு வரும். நரம்பு எடுத்த பல் என்பதால் வலித்துக் காட்டியும் கொடுக்காது.

சில வருடங்களுக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிளினிக்கிலிருந்து ஸ்கேன் வந்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் ஈறு மேலே படர்ந்து, எச்சிலும் தேங்கி, விளிம்பு தெரியவில்லை. கேமரா பார்க்காத இடத்தைக் கணினி வெறுமையாக விடுவதில்லை. சுற்றியிருப்பதை வைத்து ஊகித்து வழுவழுவென்று நிரப்பிவிடும். திரையில் அதுவும் நிஜப் பல் மாதிரியே தெரியும். அவசர வேலை என்று நானும் அந்த இடத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டேன். கிரவுன் போய்த் திரும்பி வந்தது. மறுபடி செய்தேன், மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் டாக்டரைக் கூப்பிட்டு, ஈறை ஒதுக்கிப் புதிதாக ஸ்கேன் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அந்த நோயாளி மூன்று தடவை வேலைக்கு லீவு போட்டு வந்து வாயைத் திறந்து உட்கார்ந்தார் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. அன்றிலிருந்து விளிம்பு தெரியாத ஸ்கேனை நான் தொடுவதே இல்லை.

அச்சு மாவு வைத்து எடுத்தாலும் இதே கதைதான். அங்கே விளிம்பு கிழிந்திருக்கும், அல்லது குமிழி விழுந்திருக்கும். ஆகவே கேமராவா மாவா என்பது பெரிய விஷயமே இல்லை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய நூலை வைத்து ஒதுக்கி, ரத்தமும் எச்சிலும் இல்லாமல் காயவைத்து, பொறுமையாக எடுக்கிறார்களா என்பதுதான் முக்கியம். ஸ்கேனில் ஒரு வசதி உண்டு. உங்கள் டாக்டர் அங்கேயே திரையில் பெரிதாக்கிப் பார்த்து, சரியில்லை என்றால் உடனே திரும்ப எடுக்கலாம். அந்தத் திரையை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். பல்லைச் சுற்றி ஒரு கோடு அறுபடாமல் ஓடுகிறதா என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கடி. கேமரா பதிவு செய்வது பெரும்பாலும் வாய் மூடிய நிலையை. அம்மா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கி அரைக்கும்போது தாடை பக்கவாட்டில் போகும். அதைக் கிரவுன் மாட்டும்போது வாயிலேயே கலர் தாள் வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும், நேராகவும் பக்கவாட்டிலும். "கொஞ்சம் உயரமா இருக்கு" என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் டாக்டருக்கு எதற்குச் சிரமம் என்று பேசாமல் வந்துவிடுவார்கள். உயரமான இடத்தை டாக்டர் தேய்த்துக் குறைத்தால், தேய்த்த இடத்தைத் திரும்ப மெருகேற்றியே ஆக வேண்டும். மெருகேறிய சிர்க்கோனியா எதிர்ப்பல்லுக்குச் சாதுவானது. சொரசொரப்பாக விட்டால் அதே சிர்க்கோனியா மேல் பல்லை அரம் போலத் தேய்த்துவிடும்.

இனி எதைப் போடுவது. உங்கள் அம்மாவின் பல் என் அம்மாவின் பல்லாக இருந்தால், முழுவதும் ஒரே கட்டியிலிருந்து கடைந்த, மேலே பூச்சு அடுக்கு இல்லாத, வலுவான வகைச் சிர்க்கோனியாவைக் கேட்பேன். அதை அன்றைக்கே போட வேண்டும் என்று அலையவும் மாட்டேன். டவுன் டாக்டர்தான் வேர் சிகிச்சை செய்தவர், அந்தப் பல்லின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியும். சிர்க்கோனியா கிரவுன் லேப்பில் செய்து தர முடியுமா, எவ்வளவு ஆகும் என்று அவரிடமே கேளுங்கள். இன்றைக்கு ஈப்போ லேப்புகளில் அது சாதாரண வேலை. இரண்டு வாரம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஈப்போ கிளினிக்குக்குப் போவதும் தப்பில்லை. அம்மாவால் திரும்பத் திரும்பப் பயணம் செய்ய முடியாது, உங்களுக்கும் லீவு கிடைக்காது என்றால் ஒரே நாளில் முடிவது பெரிய உதவி. ஆனால் 1,700 வெள்ளி எந்தப் பொருளுக்கு என்று கேளுங்கள். லித்தியம் டைசிலிக்கேட் என்றால், அம்மா தூக்கத்தில் பல் கடிப்பவர் என்பதைச் சொல்லிவிட்டு, அதற்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். தேய்ந்து குட்டையான பல் என்றால் கிரவுன் பிடித்து நிற்க உயரம் போதுமா என்பதையும் கேட்க வேண்டும். கண்ணாடிப் பீங்கானுக்குச் சிர்க்கோனியாவைவிடக் கூடுதல் கனம் வேண்டும், அதற்காகப் பல்லையும் கூடுதலாகச் செதுக்க வேண்டியிருக்கும்.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதை நான் குறை சொல்ல மாட்டேன். என் வாழ்நாளில் பாதியை அதைச் செய்தே கழித்தேன். இருபது வருடமாக அதோடு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாக்கு மெல்லும், இரவில் கடிக்கும் வாயில் அந்தப் பீங்கான் பூச்சு பொரிந்து விழும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, அம்மாவுக்குக் கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா? ஆகும் என்றால் நிக்கல் ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருக்கலாம். மலிவான உலோகக் கிரவுன்களில் நிக்கல் இருப்பதுண்டு, கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் பல்தானே, நிறம் எனக்கு வேண்டாம் என்று அம்மா சொன்னால், பீங்கானே இல்லாத முழு உலோகக் கிரவுனும் நல்ல தேர்வுதான். அதற்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும்.

யாரிடம் போனாலும், மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து, அந்த வருடத்துச் சான்றிதழ் வைத்திருக்கும் டாக்டராக இருக்கட்டும். கைத்தொலைபேசியில் விளம்பரம் போட்டு, வீட்டில் வைத்துப் பல் ஒட்டுகிறவர்களிடம் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டுவதற்கு முன் கிரவுனை வைத்துப் பார்த்து, பக்கத்துப் பல்லுக்கு நடுவில் நூல் விட்டு இழுக்கச் சொல்லுங்கள். நூல் இறுக்கமாகப் போய், சொடுக்கென்று வெளியே வர வேண்டும். பிய்ந்து வந்தால் ஏதோ ஓர் இடம் துருத்திக்கொண்டிருக்கிறது. தங்குதடையின்றிப் போனால் நாளைக்கு அங்கே சோறும் கீரையும் சிக்கும்.

இரவில் கடிப்பதற்கு, மேலேயோ கீழேயோ போட்டுக்கொள்ளும் ஒரு காப்புத் தகடு செய்து தரச் சொல்லுங்கள். கிரவுனுக்கு மட்டும் இல்லாமல் மற்ற பற்களுக்கும் அது காவல். வெற்றிலையைப் பற்றி, நான் சொல்லி அம்மா விடப்போவதில்லை என்று தெரியும். ஆனால் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காவிட்டாலும்கூட. கிரவுனுக்கு வாயைத் திறக்கும் அன்றே, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் நன்றாகப் பார்க்கச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். வெள்ளைத் திட்டு, எரிச்சல், வாய் முன்போலத் திறக்காமை இதில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கிரவுனைவிட இது முக்கியமாகப் படுகிறது.

லேப்பில் செய்வதென்றால் காத்திருக்கும் நாட்களுக்கு டாக்டர் தற்காலிகத் தொப்பி ஒன்று போட்டு அனுப்புவார். அது பிளாஸ்டிக் மாதிரிதான். அந்த இரண்டு வாரம் இடது பக்கமாகச் சாப்பிடட்டும், பாக்கும், ஒட்டும் டொடோல் இனிப்பும் வலது பக்கம் வேண்டாம். தொப்பி கழன்றுவிட்டால் வீட்டுப் பசை எதையும் போட்டு ஒட்டாமல், அதை ஒரு டப்பாவில் வைத்து அன்றைக்கோ மறுநாளோ கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பல நாள் திறந்தே கிடந்தால் பக்கத்துப் பற்கள் கொஞ்சம் நகர்ந்து, ஈறும் விளிம்பின் மேல் ஏறிவிடும். நாங்கள் அளந்து செய்த கிரவுன் அதன் பிறகு உட்காராது.